வைக்கோல் போர் சொன்ன பதில்

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். மெதுவாகப் பேசு என்று இப்போதே முறைக்கிறாள்!

எங்கள் ஊர் ஜவ்வாது மலைமேல் இருக்கிறது. எமர்ஜென்சி காலத்தில் செய்ததுபோல ஜீப்பில் வந்து வாலிபர்களைப் பிடித்துப்போய்க் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிடுவார்கள் என்ற பயம் எங்களுக்கு இன்னும் போகவில்லை. போன மாதம் மலையடிவாரத்து அமிர்தி பக்கமிருந்து ஒரு ஜீப் ஏறி வந்தது. என் பேரன் காளிக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. அவனைச் சாமை வைக்கோல் போருக்குள் தள்ளி மூடிவிட்டேன்.

இறங்கியவர்களோ பல்கலைக்கழக மாணவர்கள். மலை வாலிபர்களின் ஆசைகளைக் கேட்டு ஆராய்ச்சி செய்கிறார்களாம். ஒரு பெண் அந்தப் போரிலேயே சாய்ந்து உட்கார்ந்தாள்.

"உங்க பேரனுக்கு என்ன ஆசை பாட்டி?"

"இன்னா பெரிய ஆச? அவங்க தாத்தா மாதிரி ஏர் ஓட்டிக்கினு இங்கியே இருப்பான்."

"இல்லீங்க! நான் லாரி ஓட்டக் கத்துக்கணும்!" என்றது வைக்கோல் போர்.

அந்தப் பெண் அலறிக்கொண்டு எழுந்தாள். "ஆபரேசன் இல்லன்னா வெளிய வரட்டா ஆயா?" என்று காளி தலையை நீட்டினான். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

சோறு போட்டு வளர்த்த எனக்கே அவன் ஆசை தெரியவில்லை, பாருங்கள்! இப்போதெல்லாம் யார் கேட்டாலும், "அவனையே கேளுங்க" என்கிறேன். புளியமரங்களை உலுக்கி முடித்ததும் லாரி ஓட்டக் கற்றுக்கொள்ள அவனை வேலூருக்கு அனுப்பியே தீருவேன். லாரியில் முதலில் ஏறப்போவது நான்தான்.