தெரேஸின் வசனம்

பெரிய மார்க்கெட்டில் என் சின்ன வயசுத் தோழி தெரேஸ் என்னைக் கட்டிக்கொண்டாள். பிரான்சிலிருந்து பேத்தியோடு வந்திருக்கிறாள். அவள் கன்னத்து ரோஸ் பவுடர் வாசனை பட்டதும் எனக்கு வயிறு எரிந்தது, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எரிந்த மாதிரியே.

ஊர் ஊராகக் கொட்டகை போடும் நாடகக் கம்பெனி ஒன்று அப்போது எங்கள் ஊருக்கு வந்தது. குழந்தை வேஷத்துக்கு உள்ளூர்ப் பிள்ளையைத்தான் எடுக்கும். சொந்தபந்தமெல்லாம் டிக்கெட் வாங்குமே! நாடக வாத்தியார் என்னை விட்டுவிட்டு, சிவப்பாயிருந்த தெரேஸை எடுத்தார். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்காரி, தமிழ் படிக்கத் தெரியாது. வசனத்தை வரிவரியாக வாசித்து அவளுக்கு மனப்பாடமாக்கியது நான். வாத்தியார் அவளுக்கு ரோஸ் பவுடர் பூசியபோது கண்ணாடி பிடித்ததும் நான்தான்.

"பேத்திக்கு நடிச்சிக் காட்டணும்டி. அந்த அழுவுற வசனம் ஞாபகம் இருக்கா?" என்றாள்.

ஓர் எழுத்துகூட மறக்கவில்லை.

"எனக்கெங்கடி ஞாபகம்? நடிச்சவ நீதானே" என்றேன்.