கிராணி கோட்டில் ஊதாப் பொட்டு

சலவைத் தொழிலில் துணியை வெளுப்பது ஒரு பங்கு வேலை. காய்ந்து மடிக்கும் வரை அதை வெள்ளையாகக் காப்பாற்றுவது மூன்று பங்கு. இதே தொழிலில் பாடு படுகிற உங்களுக்கு இது தெரியாததல்ல, என் மனப்பாரம் குறையத்தான் எழுதுகிறேன்.

கரி

நாங்கள் கப்பலேறி வந்து சேர்ந்த பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் குடிசை ரயில் பாதைக்கும் செங்கல் சூளைக்கும் நடுவே இருந்தது. கொடியில் துணி போட்டால் ஒரு பக்கம் ரயில் கரி, மறுபக்கம் சூளைப் புகை. அந்த ஊரைக் கண்டாலே எனக்கு ஆகாது.

கிராணி என்று இங்கே சொல்கிற ரயில் ஆபீஸ் பெரிய குமாஸ்தா வீட்டு வெள்ளைக் கோட்டுகள்தான் எங்கள் பிழைப்பு. அந்த வீட்டைப் பார்த்துத்தான் வரிசையில் மற்ற ஏழு வீடுகளும் எங்களிடம் துணி போட்டன. ஒன்று போனால் எல்லாம் போகும். ஒரு நாள் கிராணியின் மனைவி கோட்டு முதுகிலிருந்த கரிப்புள்ளிகளை விரல் வைத்துக் காட்டினார். யாழ்ப்பாணத்துக்காரர், சத்தம் போடாமலே பேசுவார். "இன்னொரு தரம் இப்பிடிக் கண்டால் சீனக் கடைக்குத்தான் குடுப்பன், சொல்லிப்போட்டன்."

தாக்குட் அப்பா

என் வீட்டுக்காரர் எதற்கும் பதறாதவர். கரி எட்டாத இடம் தேடி மூட்டையைத் தலையில் வைத்து மேற்கே நடந்தார், நானும் பின்னால் போனேன். ரப்பர்த் தோட்டம் தாண்டியதும் குன்றடியில் ஓர் ஓடை. அடி மணல் தெரிகிற தண்ணீர். நீல மீன்கொத்தி ஒன்று எங்களைச் சட்டை செய்யாமல் உட்கார்ந்திருந்தது. வந்த நாளிலிருந்து அன்றுதான் மூச்சை முழுதாக இழுத்தேன். உடனே பயமும் வந்தது. பாம்பு இருக்குமோ, புலி தண்ணீர் குடிக்க வருமோ, நிலம் யாருடையதோ.

அக்கரையில் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து அம்மாள் ஒருத்தி என் நடுக்கத்தைப் பார்த்து, "தாக்குட் அப்பா?" என்றாள். நிலம் அவள் அப்பாவுடையது, அவர் விரட்ட வருகிறார் என்று நான் ஈரத்துணியை அள்ளத் தொடங்கினேன். வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "அப்பா யாரும் வரலை. மலாய்ல ‘அப்பா’ன்னா ‘என்ன’. என்ன பயம்னு கேக்குறாங்க."

பொட்டு

கரை நெடுக ஊதாப் பூ பூத்த புதர்கள். ஊரில் செய்கிற மாதிரியே கோட்டுகளை அவற்றின் மேல் விரித்தோம். குருவிகள் பழம் கொத்துவதைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் கவலையில்லாமல் இருந்தேன். அதுதான் தப்பு. கோட்டை எடுத்தால் மார்பில் ஊதாப் பொட்டுகள், அடியில் நசுங்கிய பழங்கள். சோப்புப் போட்டால் பொட்டு பெரிதாகிறது. மறுநாள் காலை கோட்டு கிராணி வீட்டில் இருந்தாக வேண்டும்.

கறை இதனால்தான் என்பதுபோல் அந்த அம்மாள் ஒரு பழத்தை மென்று, கறுத்த நாக்கை நீட்டிக் காட்டினாள். பிறகு வீட்டுக்கு ஓடி மடி நிறையப் பிளிம்பிங் காய் கொண்டுவந்தாள். விரல் நீளம், பல் கூசும் புளிப்பு. அவளும் வீட்டுக்காரரும் அதைப் பிழிந்து தேய்க்க, நான் பக்கத்தில் நின்று விசும்பினேன். அவர் நிமிராமலே சொன்னார்: "அழுவுற நேரத்துல ரெண்டு காயைப் பிழி, புள்ள."

மணம்

மறுநாள் கிராணியின் மனைவி கோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பைக்கு உள்பக்கம் ஒரு பொட்டு போகவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் கை பை வரை போய் நின்றது. கோட்டை மூக்கருகே கொண்டுபோனார். "கரி மணம் இல்லை, ஏதோ காட்டு மணம். இனி என்ர பட்டுச் சீலையளையும் அங்கையே கொண்டு போ."

எட்டு வீட்டுத் துணியோடு இப்போது அந்தப் பட்டுகளுக்கும் சேர்த்துப் பயப்படுகிறேன். பயப்படுவதற்கு இடமாவது நன்றாக இருக்கிறது.