மிதந்து வந்தவன் சொன்ன பதில்

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். இது நடந்தது. ஜப்பானின் நோட்டோ கரையை ஒட்டிய கடலில், பகல் வெளிச்சத்தில், என் இரண்டு காதாலும் கேட்டேன்.

என் தம்பி இசோகிச்சி சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவன். வசந்தத்தில் அந்தக் கப்பல் புயலில் மூழ்கியது. அதே கப்பலில் இருந்த என் மச்சான் கன்பெய் மட்டும் திரும்பி வந்தான். “வேற கப்பல்காரங்க அவனத் தூக்கிட்டாங்க அத்தை, என் கண்ணால பாத்தேன். வந்துருவான்” என்று என் அம்மாவின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தான். அந்த ஒரு வார்த்தைக்காக அவனை வீட்டோடு வைத்துச் சோறு போட்டேன். என் மீன்பிடிப் படகிலும் சேர்த்துக்கொண்டேன்.

ஆறு மாதம் போனது. ஒருநாள் காலை, எட்டு மணி இருக்கும். படகில் நானும் மச்சானும். கடலெல்லாம் மூடுபனி. டொக்... டொக்... படகில் ஏதோ தட்டியது. எட்டிப் பார்த்தேன். குப்புற மிதக்கும் ஒரு பிணம். கொஞ்சம்கூட ஊறவில்லை.

மிதந்து வருபவனை நாங்கள் விட்டுவிட்டுப் போவதில்லை. ஒருவன் கேட்க வேண்டும். மற்றவன் பிணத்துக்காகப் பதில் சொல்ல வேண்டும். பிறகு கரை சேர்த்து அடக்கம் செய்தால் வலை நிறையும்.

கயிற்றை மாட்டினேன்.

“மீன் தருவியா? தந்தா கரை சேக்கிறோம்.”

மச்சான் வாயே திறக்கவில்லை. மறுபடி கேட்டேன்.

“தர்றேன்...”

சத்தம் தண்ணீரிலிருந்து வந்தது. என் தம்பியின் குரல்.

“...முதல்ல மச்சானக் கைய எடுக்கச் சொல்லு.”

திரும்பினேன். மச்சானின் இரண்டு கைகளும் துடுப்பில்தான் இருந்தன.

சட்டென்று ஒரு கை கத்தியை எடுத்தது.

சரக்... கயிற்றை அறுத்துவிட்டான். பிணம் பனிக்குள் போய்விட்டது. கடல் பேய் தம்பி குரலில் ஏமாற்றுகிறது, அவன் உயிரோடுதான் இருக்கிறான் என்றான். பாவி நான், நம்பினேன். நம்பத்தானே ஆசை! அன்று வலை கிழியும் அளவுக்கு மீன். கரை சேர்க்கிறோம் என்று சொன்ன நாங்கள்தான் சேர்க்கவில்லை.

அதிலிருந்து பதினெட்டாம் நாள், அதே கப்பலின் சமையல்காரர் பிழைத்து எங்கள் ஊருக்கு வந்தார். அவர் பெயரைக் கேட்டதும் பின்வாசலால் போன மச்சான் இன்றுவரை திரும்பவில்லை.

சமையல்காரர் அம்மாவின் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்தார். உடைந்த பாய்மரத்தை என் தம்பியும் மச்சான் கன்பெய்யும் பிடித்திருந்தார்களாம். அது இரண்டு பேரைத் தாங்கவில்லையாம். கன்பெய் என் தம்பியின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கியிருக்கிறான்.

“மச்சான், மச்சான்னு கத்துனான்மா. சத்தம் நின்னதுக்கப்புறமும் அவன் கைய எடுக்கவே இல்ல.”