பதினேழாம் நம்பர் ட்ராக்டர் நிற்கிறது

ஜீவராணி கொழும்பு வெள்ளவத்தையில் பிறந்து, வெள்ளவத்தையிலேயே வேலைக்கும் வந்தவள். உழுந்தை அவள் கண்டது தோசைக்கு ஊறப்போட்ட சட்டியில் மட்டும்தான். ஆனால் வவுனியாப் பக்கம் ஓடுகிற நாற்பது ட்ராக்டர்களுக்கு அவள்தான் மேற்பார்வை. சிரிக்காதீர்கள். பக்கத்து மேசையில் இருக்கிற எனக்கும் அதே உத்தியோகம்தான்.

ஒவ்வொரு ட்ராக்டரிலும் தீப்பெட்டி அளவில் ஒரு மலிவான சென்சர் பூட்டியிருக்கிறது. எஞ்சின் அதிர்கிறதா, வண்டி நகர்கிறதா என்று அது தானாகவே அனுப்பும். அதைப் பார்த்து நாங்கள் ஒரு பொத்தானை அமத்த வேண்டும்: உழவு, பயணம், சும்மா நிற்கிறது. மூன்று நாள் ‘சும்மா’ விழுந்தால் ட்ரைவருக்கு வேலை இல்லை. இது மனேஜர் இன்ஸாப் போட்ட சட்டம்.

மாசி மாதத்தில் பதினேழாம் நம்பர் அவளைக் குழப்பியது. ட்ரைவர் பெயர் இராமர். ஐந்து மணித்தியாலம் எஞ்சின் அதிர்கிறது, வண்டி ஓர் அடிகூட நகரவில்லை.

“டீசலை எரிச்சுக்கொண்டு ஆரடி இப்பிடி நிப்பினம்?” என்று என்னைக் கேட்டாள்.

“விசராக்கும்,” என்றேன். எனக்கென்ன தெரியும்!

இரண்டு நாள் ‘சும்மா’ விழுந்தது. இன்ஸாப் இராமருக்குப் போன் எடுத்து வெருட்டினார். மூன்றாம் நாள் ட்ராக்டர் காலையிலிருந்து சுற்று சுற்றென்று சுற்றியது; ‘உழவு’ விழுந்தது.

“பாத்தீங்களா? ஒரு வார்னிங் போதும்,” என்றார் இன்ஸாப்.

ஜீவராணிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அறுவடைக் காலத்தில் என்ன உழவு? இராமருக்குப் போன் எடுத்தாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“அண்ணை, என்ன உழுறீங்கள்?”

“உழுவல மிஸ். உழுந்து அடிக்கிற மெசின மாட்டுனா ட்ராக்டர் நிக்கத்தானே வேணும்? எஞ்சின்தானே மெசின சுத்துது. நின்னா வேலை போயிருமுன்னு சார் சொன்னாரு. அதான் மெசின கழட்டிட்டு வெறும் வயல்ல சுத்துறேன்.”

“அப்ப உழுந்து?”

“செடியோட குவிஞ்சு கெடக்கு மிஸ். மழை இருட்டிக்கிட்டு வருது.”

ஐயோ கடவுளே! வேலை செய்த இரண்டு நாளும் சும்மா என்று எழுதிவிட்டு, சும்மா சுற்றிய நாளுக்குச் சபாஷ் போட்டிருக்கிறோம்.

“மெசினைக் கொழுவுங்கோ அண்ணை. கெதியா!”

கொஞ்ச நேரத்தில் திரையில் பதினேழாம் நம்பர் நின்றது. எஞ்சின் மட்டும் அதிர்ந்தது. எதை அமத்துவது? ‘சும்மா’ என்றால் மூன்றாவது தடவை. வேறு பொத்தானும் இல்லை. ‘உழவு’ என்று அமத்திவிட்டு, “நான் செய்தது சரியோடி?” என்றாள். எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஐந்து மணிக்கு இராமர் போன் எடுத்தார். பாதி அடித்தாயிற்றாம், மீதி நனைந்துவிட்டதாம்.

“மிஸ், நாளைக்கும் நான் நிக்கலாமா?”

ஜீவராணி மனேஜரின் அறைக் கதவைப் பார்த்தாள்.

“நில்லுங்கோ அண்ணை,” என்றாள். போனை வைத்துவிட்டு அந்தக் கதவைத் தட்டப் போனாள்.