வெயிலில் ஓடிய பால்மா டின்

குவைத்திலிருந்து திரும்புகிறவர்கள் போர்வை கொண்டு வருவார்கள், வாசனைப் போத்தல் கொண்டு வருவார்கள், பிள்ளைகளுக்குச் சொக்லட் கொண்டு வருவார்கள். என் அத்தை ஒரு கதையைக் கொண்டு வந்தார். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், ஒற்றையறை வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், கதைக்கு என்ன மரியாதை கிடைத்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அத்தை என் அப்பாவின் தங்கை. வீட்டு வேலைக்குப் போனவர். அவர் நின்ற வீட்டில் ஒரு சின்னப் பையன் இருந்தானாம். அவனிடம் உள்ளங்கையகலத்தில் ஒரு விளையாட்டு எஞ்சின் இருந்ததாம். இரண்டு தட்டு, மேலே ஒரு சக்கரம், அவ்வளவுதான். அத்தை பால் விடாமல் சுடச்சுடத் தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாராம். பையன் அந்தக் கோப்பையின் வாயில் எஞ்சினை வைத்துச் சக்கரத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டுவானாம். பேட்டரி இல்லாமல், வயர் இல்லாமல், சக்கரம் தானாகவே சுற்றுமாம். சாயத்தண்ணி ஆற ஆற மெதுவாகி நின்றுவிடுமாம்.

"சாயத்தண்ணியில எஞ்சின் ஓடுச்சா? அப்ப நம்ம பெக்டரிக்குக் கரண்டே தேவையில்லையே தாயி, ஆளுக்கொரு கோப்ப ஊத்தி விட்டா போதுமே" என்று அப்பா சொன்னார். லயமே சிரித்தது. தேயிலையிலேயே பிறந்து தேயிலையிலேயே வேலை செய்கிற எங்களுக்குத் தெரியாத ஒன்றைத் தேயிலை குவைத்தில் போய்ச் செய்கிறது என்றால் யார்தான் நம்புவார்கள்?

எங்கள் லயத்துக்கு அது வெறும் சிரிப்பு. அத்தையின் புகுந்த வீட்டில் அப்படியில்லை.

அத்தையைக் கட்டிக் கொடுத்தது நாவலப்பிட்டியில். அவர் விமானம் ஏறியபோது அவருடைய மகன் தூக்கிக்கொண்டு திரியும் வயதில் இருந்தான். மாமாவின் அக்காதான் அவனை வளர்த்தார். குறை சொல்ல முடியாது, நன்றாகவே வளர்த்தார். நாலைந்து வருடம் கழித்து அத்தை வாசலில் போய் நின்றபோது பையன் அந்த அக்காவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அத்தையும் பழைய அத்தையாக இல்லை. விடியுமுன்னே எழுந்து வீடு முழுவதையும் கழுவினார். மற்றவர்கள் சாப்பிடும்போது சுவரோரம் நின்றார், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. இதற்கு நடுவில் சாயத்தண்ணி எஞ்சின் கதையையும் சொல்லியிருக்கிறார். அது போதாதா?

"இவளுக்கு மண்ட கொழம்பிப் போச்சு. கொஞ்ச நாளைக்கு அண்ணன் வீட்ல இருக்கட்டும். சின்னப் புள்ளைய நம்பி விட ஏலாது" என்று மாமாவின் அக்கா சொல்லிவிட்டார். மாமா அக்கா பேச்சைத் தட்டாதவர். அந்தக் கொஞ்ச நாள் நீண்டுகொண்டே போனது. அத்தை ஒரு பையுடன் எங்கள் காம்பிராவுக்கு வந்து சேர்ந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இருக்கிற ஒரே அறையில் இன்னோர் ஆள் வந்தால் படுக்க இடம் பத்தாது என்று அம்மா கவலைப்பட்டார். எனக்கோ ஒரே கொண்டாட்டம். என்னோடு உட்கார்ந்து தகரமும் கம்பியும் வெட்டுகிற பெரியவர் ஒருவர் கிடைத்துவிட்டார் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த எஞ்சினைச் செய்து காட்டத்தான் அவர் வெட்டினார் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் அதன் கனம் தெரியாது.

அப்பா நாவலப்பிட்டிக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பையனைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அத்தை எப்படியிருக்கிறார் என்று பார்ப்பார்கள். சரியாக இருந்தால் பள்ளிக்கூட லீவுக்குப் பையனை எங்கள் வீட்டில் விடுவார்கள், அப்புறம் அத்தையும் அவனோடு நாவலப்பிட்டிக்கே திரும்பலாம். இல்லாவிட்டால் இல்லை.

"அவங்க வாற அன்னிக்கு அந்த எஞ்சின் பேச்ச மட்டும் எடுக்காத தாயி" என்றார் அப்பா.

"ஓட்டிக் காட்டிட்டா பைத்தியம்னு சொல்ல மாட்டாங்கல்ல, அண்ணே?"

 மறுநாள் அப்பா கண்டியில் தான் வேலை செய்யும் ஹார்ட்வெயார் கடையிலிருந்து தகரம் வெட்டும் கத்தரிக்கோலை இரவல் வாங்கி வந்தார். அவ்வளவுதான் அவருடைய சம்மதம்.

அத்தை எடுத்தது ஒரு பால்மா டின். அதற்குள்ளே சுவரில் முட்டாமல் மேலும் கீழும் போய்வர ஒரு தக்கையான கட்டை. பாத்திரம் கழுவும் றப்பர் கையுறையை வெட்டி டின்னின் வாயில் இறுக்கிக் கட்டினார். சைக்கிள் கம்பியை வளைத்து அச்சாக்கினார். சக்கரத்துக்கு என்னுடைய பழைய சீடிகள் போயின. உள்ளே இருக்கிற காற்று சுட்டால் விரியும், ஆறினால் சுருங்கும், அந்த விரிவும் சுருக்கமும் றப்பரைத் தள்ளி இழுத்துச் சக்கரத்தைச் சுற்றும். இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அந்த வீட்டுப் பையனின் எஞ்சினில் இரண்டு தட்டுக்கும் நடுவே கண்ணாடி, உள்ளே நடப்பது தெரியும். தினமும் துடைத்து வைத்தவர் அத்தைதான்.

சாயத்தண்ணிச் சூட்டுக்கு எங்கள் டின் அசையவே இல்லை. கோப்பை என்ன, ஒரு சட்டி நிறையக் கொதிக்கவைத்துப் பார்த்தோம். "தேயிலத் தூளெல்லாம் தகரத்துக்கே போகுது" என்று அம்மா முணுமுணுத்தார். அடுப்பில் வைத்தால் றப்பர் கருகியது. அப்போதுதான் அத்தை வெயிலைப் பற்றி யோசித்தார். குவைத்தில் வெயில் எவ்வளவு வீணாகிறது என்று அங்கே துணி காயப்போடும்போதெல்லாம் நினைத்திருக்கிறாராம்.

பக்கத்து லயத்தில் மின்னல் விழுந்து கெட்டுப்போன டிஷ் அன்டனா ஒன்று கிடந்தது. தேயிலைத் தூள் அடைத்து வரும் பைகளுக்குள் வெள்ளி நிறத்தில் ஒரு தாள் இருக்கும். அம்மா பெக்டரியில் வேலை செய்யும் தன் கூட்டாளியிடம் கேட்டு, கிழிந்த பைகளை வாங்கித் தந்தார். முணுமுணுத்துக்கொண்டேதான் தந்தார். நானும் அத்தையும் அந்தத் தாளைச் சுருக்கமில்லாமல் டிஷ்ஷில் ஒட்டினோம். டிஷ்ஷைச் சூரியனுக்கு நேரே திருப்பினால் வெளிச்சம் முழுவதும் நடுவில் ஓரிடத்தில் வந்து சேர்ந்தது. அங்கே டின்னின் அடிப்பக்கம் படும்படி கட்டி, அதற்கு விளக்குக் கரியும் பூசினோம்.

ஓடியது. ஓடியது என்று நான் கத்தி முடிப்பதற்குள் நின்றுவிட்டது. மறுபடி தட்டினால் நாலு சுற்று, பிறகு இருமல், பிறகு ஒன்றுமில்லை. வெயில் போதவில்லை என்று நாங்கள் இன்னும் தாள் ஒட்டினோம். அது இன்னும் சீக்கிரம் நின்றது. டிஷ்ஷை உடைத்துப் போட்டுவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. அத்தை அழவில்லை. டின்னின் மேல்பக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"அந்த வீட்ல எந்த நேரமும் ஏசி ஓடும்டி. மேல் தட்டு ஜில்லுனு இருக்கும்" என்றார் திடீரென்று. "நம்மளுது மேலயும் சுட்டுருது. ரெண்டு பக்கமும் ஒரே சூடுன்னா அதுக்கு ஓட என்ன இருக்கு?"

மலைத்தண்ணீர் விழும் பீலியிலிருந்து தண்ணீர் பிடித்து வந்தேன். ஹந்தானையில் வெயிலுக்குத்தான் பஞ்சம், குளிருக்குப் பஞ்சமில்லை. டின்னின் மேல்பாதியில் ஈரத்துணி சுற்றித் தண்ணீர் விட விட, சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அம்மா கொழுந்துக் கூடையோடு வந்தவர் அப்படியே நின்று பார்த்துச் சிரித்தார். அப்பா அன்று மாலை ஒருமுறையும், மறுநாள் காலை வேலைக்குப் போகுமுன் ஒருமுறையும் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மூடுபனி. நான் வாசலுக்கும் டிஷ்ஷுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். "ஒன்னக் கட்டிக்கப் போறவன் வாறான்னு இவ்ளோ பதட்டமாடி?" என்று பக்கத்து வீட்டு அக்கா சீண்டினார். அத்தை மகன் என்றால் முறைப் பையன், இந்தக் கிண்டலுக்கு யாரும் விலக்கில்லை. நான் அவருக்குப் பழிப்புக் காட்டினேன்.

அவர்கள் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். மாமா, மாமாவின் அக்கா, நடுவில் இஸ்திரி போட்ட சட்டையில் பையன். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் கதிரை போட்டு உட்கார வைத்தோம். அத்தை சாயத்தண்ணி கொடுத்தார், சொன்னவுடன் உட்கார்ந்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார். அப்பாவின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. பையன் மட்டும் தன் அத்தையின் கையை விடவில்லை. அவனை வளர்த்தவரைப் பார்த்துத்தான் தண்ணீர் கேட்டான், அவரைப் பார்த்துத்தான் வெளியே போகட்டுமா என்று கேட்டான். என் அத்தை அதையெல்லாம் பார்த்துக்கொண்டு சிரித்த முகமாகவே இருந்தார்.

பனி விலகியது. சூரியன் வந்தது. அத்தை எழுந்து போய் டிஷ்ஷைத் திருப்பினார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அத்தை ஈரத்துணியைச் சுற்றி, கொஞ்ச நேரம் பொறுத்து, சக்கரத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டினார்.

சுற்றியது. சீடிகள் வானவில் அடித்துக்கொண்டு சுற்றின. மாமாவின் அக்காவே கதிரையை விட்டு எழுந்துவிட்டார். மாமா, "அட, நெசந்தான்!" என்று சொல்லி அத்தையைப் பார்த்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

பையன் கையை விட்டுவிட்டு ஓடி வந்தான். டிஷ்ஷின் முன்னால் குந்தினான். "பேட்டரி எங்க?" என்று கேட்டான். அன்றைக்கு அவன் என் அத்தையிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

"பேட்டரி இல்லப்பா. வெயில்தான்."

அவன் எழுந்து வெயிலை மறைத்து நின்றான், சக்கரம் மெதுவானது. விலகினான், வேகமெடுத்தது. மறுபடி மறைத்தான், மறுபடி விலகினான். வாய்விட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன், எல்லோரும் சிரித்தோம். டின்னின் கரி பூசிய அடிப்பக்கத்தில் வெளிச்சம் ஒரு பொட்டாக ஜொலித்துக்கொண்டிருந்தது. அவன் குனிந்து அதை நோக்கிக் கையை நீட்டினான்.

அத்தை பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார். ஓங்கிக் கத்தினார். "ஆரு! ஆரு!" என்றுதான் எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

யார் என்பதை எங்கள் லயத்தில் அப்படித்தான் கேட்போம். பையன் பயந்து பின்வாங்கி, கைகளைக் கட்டிக்கொண்டு, தன் முழுப்பெயரையும் வகுப்பையும் சொன்னான், பள்ளிக்கூடத்துக்கு வந்த அதிகாரி கேட்டால் சொல்வதுபோல. பிறகு, போதாதோ என்று நினைத்திருக்க வேண்டும், "நாவலப்பிட்டியிலேருந்து வந்திருக்கேன்" என்றும் சேர்த்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் அழுதான்.

மாமாவின் அக்கா அவனைத் தூக்கிக்கொண்டார். "பெத்த புள்ளையப் பாத்து ஆருன்னு கேக்குறா. பாத்துக்கிட்டீங்கல்ல?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னார்.

"சுடும்னுதானே சொன்னேன்" என்றார் அத்தை. "அண்ணே, சுடும்னுதானே சொன்னேன்?"

அப்பா தரையைப் பார்த்தார். அத்தை ஒவ்வொருவராகத் திரும்பித் திரும்பிக் கேட்டார். கேட்கக் கேட்க, தான் சொன்னது இன்னதென்றே தெரியாதவர் என்பது வந்தவர்களுக்கு உறுதியாகிக்கொண்டு போனது. மாமா மட்டும் ஓட்டோவில் ஏறுமுன் ஒருமுறை திரும்பி எஞ்சினைப் பார்த்தார். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாரும் நிறுத்தவில்லை, முகில் மறைத்த பிறகு நின்றது.

லீவுக்குப் பையன் வரவில்லை. வருடங்கள் போயின. அத்தை எங்களோடேயே இருந்தார், கண்டியில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தார், பார்த்தவர் எல்லோரும் தங்கமான மனுஷி என்றார்கள். பையன் வளர்ந்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து மரியாதையாக விழுந்து கும்பிட்டுவிட்டுப் போவான். அத்தையை எந்த முறை சொல்லியும் கூப்பிட மாட்டான். ஒருநாள் நான் நேராகவே கேட்டதற்கு, "என்னையே ஆருன்னு கேட்டவங்கதானே?" என்று சிரித்தான். வேடிக்கையாகச் சொன்னதுபோல்தான் இருந்தது. 

போன வருடம் அவன் கத்தாருக்குப் போனான், ஏசி பொருத்தும் வேலை. போய்க் கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம் எனக்குப் போன் எடுத்தான். மொட்டை மாடியில் ஒரு செப்புக் குழாயைப் பிடிக்கப் போனானாம். பின்னாலிருந்து மேற்பார்வை பார்க்கிற அரபிக்காரர் "ஹார்! ஹார்!" என்று கத்தினாராம். அந்தச் சொல் அவனுக்குத் தெரியாது. ஆனாலும் கை தானாகப் பின்னுக்கு வந்துவிட்டதாம். பக்கத்தில் நின்றவனிடம் கேட்டானாம்.

"அரபியில சுடுதுன்னு அர்த்தமாம்" என்றான்.  லைன் போய்விட்டதோ என்று நான் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். "எங்கம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டான்.

போனை அத்தையிடம் கொடுத்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன். பிறகு அத்தையிடம் அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு ஞாபகமே இல்லை. "நான் தமிழ்லதான்டி சொன்னேன்" என்றார். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார். வேறொருத்தி பெற்ற பிள்ளைக்காக, அடுப்படியிலும் இஸ்திரிப் பெட்டியருகிலும் நாள் தவறாமல் கத்திப் பழகிய வாய். தன் பிள்ளையின் கை நெருப்புக்குப் போனபோது அந்த வாய் எந்த மொழி என்று பார்க்கவில்லை.

அன்றைக்கு வாசலில் நின்ற நாங்கள் எல்லோரும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வளர்த்தவரும் சக்கரத்தைத்தான் பார்த்தார், மாமாவும் அதைத்தான் பார்த்தார், நானும் அதைத்தான் பார்த்தேன். அத்தை ஒருவர் மட்டும் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்கு அப்போது விளங்கவில்லை.