செவலைக்குப் பதிலாக வந்த நாய்

ஏரிக்கரைத் தெரு செங்கேணி எதையும் ஒருமுறை கேட்டு நம்பமாட்டாள். காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறும்முன் கண்டக்டரைக் கேட்பாள். உள்ளே உட்கார்ந்திருப்பவரையும் கேட்பாள். அவளோடு நாற்று நடும் பெண்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

எண்பத்திமூன்றில் டாக்டர் தாமோதரன் சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை உத்திரமேரூர் கால்நடை மருந்தகத்துக்கு வரத் தொடங்கினார். உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய்களுக்கு மூக்கில் ரத்தம் ஏன் நிற்காமல் வடிகிறது என்பது அவர் ஆராய்ச்சி. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அவற்றுக்குக் குறைந்துபோகின்றன என்றார். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத நாய் ஒன்று வேண்டும். செங்கேணியின் ஆடுகளைக் காக்கும் செவலை என்ற நாயைக் கம்பவுண்டர் சாமுவேல் காட்டினார்.

"நோவு இல்லாத நாய்க்கு இன்னாத்துக்கு சார் ரத்தம் எடுக்கறீங்க?" என்றாள் இரண்டாம் மாதம்.

"நோவுள்ளதோட ஒத்துப் பாக்கத்தாம்மா."

சாமுவேல் குறுக்கிட்டார். "ஆமா, உன் நாய் ரத்தத்த வித்து அவரு மாடி வூடு கட்டிக்கினு கீறாரு!"

செங்கேணி சிரிக்கவில்லை. ரத்தம் பிடித்த அந்தச் சீசா எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும்?

மூன்றாம் மாதம், இனி ரத்தம் கொடுப்பதில்லை என்று செவலையை வீட்டிலேயே கட்டிப்போட்டாள். போகாவிட்டால் சாமுவேல் தேடி வந்துவிடுவார். பக்கத்து வீட்டு மார்த்தாள் களையெடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து, அதே நிறத்திலிருந்த அவள் நாயை அவிழ்த்தாள். செவலை மேல் ஓர் உண்ணி இருக்காது. அதனால் இதன் காதிலும் விரலிடுக்கிலும் இருந்த உண்ணிகளை ஒன்றுவிடாமல் பிடுங்கி, குளிப்பாட்டி, இழுத்துப்போனாள்.

டாக்டர் வழக்கம்போல் உதட்டின் உள்பக்கம் சிறு கீறல் போட்டு, அரை நிமிஷத்துக்கு ஒருமுறை தாளால் ஒற்றினார். செவலைக்கு மூன்றாவது நிமிஷத்தில் ரத்தம் நின்றுவிடும். இதற்குப் பத்து நிமிஷமாகியும் நிற்கவில்லை.

"உண்ணி இருந்துதாம்மா?"

"என் நாய்க்கு ஏது சார் உண்ணி?"

டாக்டர் உடம்பெல்லாம் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. "அப்ப எங்கயோ வெச்ச எலி மருந்தத் தின்னிருக்கு, அதுலயும் ரத்தம் நிக்காது. சாமுவேல், அதுக்கு ஊசி எடுங்க."

நாய் அவள் காலடியில் துவண்டு படுத்தது. தின்னாத மருந்துக்கு ஊசி போடப்போகிறார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் மார்த்தாளின் நாய் செத்துப்போகும்.

"சார், இது என் நாய் இல்ல. உண்ணி நெறைய இருந்துச்சு. காத்தால நாந்தான் புடுங்கிப் போட்டேன்."

சாமுவேல் தலையில் அடித்துக்கொண்டார். டாக்டர் உண்ணிக் காய்ச்சல் மாத்திரைகளை எடுத்து நீட்டினார். அவள் உடனே வாங்கவில்லை.

"இது நாய் பொழைக்கவா, உங்க ஆராய்ச்சிக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

அப்புறம்தான் வாங்கிக்கொண்டாள்.

மார்த்தாள் அன்று மாலை தெருவே கூடும்படி கத்தினாள். "கேக்காம என் நாய இட்டுக்கினு போயி கீறவுட்டியாடி?"

"தப்புதான். மாத்திரைய நானே வேளாவேளைக்குக் குடுக்கறேன்."

"உன்ன நம்பி வுடுவனா?"

ஒவ்வொரு வேளையும் மார்த்தாள் பக்கத்திலேயே நின்றாள். மாத்திரை உள்ளே போனபின் நாயின் வாயைப் பிளந்து, நாக்கின் அடியிலும் பார்த்தாள். பத்தாம் நாள் அது தானாக எழுந்து கஞ்சி குடித்தது. அப்போதும் அவள் செங்கேணியிடம் பேசவில்லை.