விடை வராத எண்கள்

மகளுக்கு வியாழக்கிழமை இதயத்தில் சத்திர சிகிச்சை. கடல் கடந்த நாட்டில் வாழும் அவள், மயக்க மருந்து கொடுக்குமுன் தாயின் முகத்தைத் திரையில் பார்க்கவேண்டும் என்று கேட்டிருந்தாள். முரசுமோட்டையில் எங்கள் வீட்டு இணைய இணைப்போ நாளுக்கு இரண்டு மூன்று தடவை அறுந்துகொண்டிருந்தது. வியாழனுக்கு ஆறு நாள்களே இருந்தன.

சென்ற முறை வந்தபோது அவள் விட்டுச்சென்ற மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளம் இருந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியனாகிய நான் அதன் கட்டளைகளை ஒரு கொப்பியில் எழுதிவைத்துப் பழகியிருந்தேன். முதலில் பரந்தன் பக்கத்துத் தொலைபேசிக் கோபுரத்தைக் குறைகூறினேன். பின்னர், மின்சிக்கனம் கருதிக் கணினியே தன் கம்பியில்லா இணைப்பை உறங்கவைக்கிறதோ என்று ஐயுற்று, அந்த அமைப்பை நிறுத்தினேன். அறுதல் நிற்கவில்லை.

மகள் தொலைபேசியில் வழி சொன்னாள்.

“அப்பா, வெளியால தேடாதேங்கோ. முதல் எங்கட ரூட்டருக்குப் பிங் அடிச்சுப் பாருங்கோ. அது பதில் சொல்லாட்டிப் பிழை வீட்டுக்குள்ளதான்.”

“இந்தப் பெட்டிக்கு உன்ர அப்பா செய்யிற பூசையைக் கோயிலில செய்திருந்தா எப்பவோ வரம் கிடைச்சிருக்கும்,” என்று என் பின்னால் நின்ற மனைவி மகளுக்குக் கேட்கும்படி சொன்னாள். இருவரும் சிரித்தார்கள்.

ஊரார் ரூட்டர் என்னும் அந்தத் திசைவி, உள்ளறை யன்னல் விளிம்பில் இருந்தது. கணினி முன்னறையில். பிங் கட்டளை கொடுத்தால் விநாடிக்கு ஒரு தடவை கணினி அதை அழைக்கும். ஒவ்வோர் அழைப்புக்கும் ஓர் எண் உண்டு. விடை வந்தால் அந்த எண் திரையில் தோன்றும். வராத எண்ணுக்கு வரியே இல்லை. பட்டியல் அதைத் தாண்டிப் போய்விடும். முதல் நாள் காலை அறுநூற்றுப் பதினொன்றுக்கு அடுத்ததாக எண்ணூற்று இருபத்து மூன்று நின்றது. மூன்றரை நிமிடம். பிழை வீட்டுக்குள்ளேதான் இருந்தது.

நேரங்களைக் கொப்பியில் குறித்தேன். காலை பத்து மணியளவில் ஒன்று, பின்னேரம் ஒன்று. திங்கட்கிழமை மனைவி இரத்த அழுத்தக் குளிசை எடுக்கக் கிளிநொச்சி ஆசுபத்திரிக்குப் போய்ப் பொழுதுபட வந்தாள். அன்று ஓர் எண்ணும் தவறவில்லை.

செவ்வாய்க்கிழமை எண்கள் நின்றதும் எழுந்து உள்ளறை வாசல்வரை போனேன். இரும்பு அலுமாரியின் கதவு முழுதும் திறந்து யன்னலையும் அதிலிருந்த திசைவியையும் மறைத்திருந்தது. கதவின் கீழே மனைவியின் பாதங்கள் தெரிந்தன. கதவின் ஓரத்துக்கு அப்பால் ஒரு நீலச் சட்டையின் கை தொங்கியது. அவள் அதற்குள் முகம் புதைத்து நின்றாள் என்பதை மூச்சின் ஒலியால் அறிந்தேன்.

மகனுடைய சட்டை அது. இறுதிப் போர்க்காலத்தில், உடையார்கட்டு என்னும் ஊரில், தண்ணீர் எடுத்துவருவதாகச் சொல்லிக் கலனோடு போனவன் இன்றுவரை திரும்பவில்லை. அதன்பின் ஓடிய இடங்களுக்கெல்லாம் அந்தச் சட்டையை அவள் பையில் வைத்துச் சுமந்தாள். மீள்குடியேறிய ஆண்டில் நான்தான், “அதை ஆருக்கும் குடுத்துவிடும்” என்றேன். ஒரு கிழமை கழித்து, “குடுத்திட்டன்” என்றாள். அன்றிலிருந்து அவன் பெயர் எங்கள் வீட்டில் ஒலிக்கவில்லை.

ஓசைப்படாமல் கதிரைக்குத் திரும்பினேன். சற்று நேரத்தில் அலுமாரி சாத்தப்பட்டது. எண்கள் மீண்டும் வரத்தொடங்கின. கொப்பியைப் புரட்டினேன். நான் பிழையெனக் குறித்த ஒவ்வொரு நேரமும் அவள் அவனோடு இருந்த நேரம்.

அன்றே திசைவியை முன்னறை யன்னலுக்கு மாற்றினேன்.

“இஞ்சருங்கோ, அதை ஏன் தூக்குறியள்?”

“இங்க கோபுரம் நல்லாப் பிடிக்குது” என்று பொய் சொன்னேன்.

வியாழன் நண்பகல் மகள் வெள்ளைப் போர்வைக்குள் திரையில் தோன்றினாள். தாயும் மகளும் சாப்பாடு, குளிர் என்று எதையெதையோ கதைத்தார்கள். பிறகு மகள் சொன்னாள்:

“அம்மா, அண்ணான்ர சட்டையை ஒருக்காக் காட்டுங்கோவன்.”

மகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அச்சம் இருந்தது. எத்தனை ஆண்டுகள் எனக்கு அஞ்சி நடந்திருக்கிறாள்!

“போய் எடுத்துக்கொண்டு வாரும்,” என்றேன்.

உள்ளறையில் இரும்புக் கதவு திறக்கும் ஓசை கேட்டது. என் கண் திரையின் மூலையில் ஓடிய எண்களுக்குப் போயிற்று. ஒன்றும் தாவவில்லை. மகளின் முகமும் கலையவில்லை. மனைவி சட்டையின் தோள்களை இரு கைகளாலும் பிடித்துத் திரைக்கு நேரே விரித்தாள். மகள் அங்கிருந்து அதைத் தொட விரலை நீட்டினாள். யாரோ வந்து கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

இரவு மருமகன் அழைத்து, அவள் கண்விழித்துவிட்டாள் என்றார். மனைவி சுவாமி படத்தின்முன் விளக்கேற்றப் போனாள்.

சட்டை முன்னறைக் கதிரையின் முதுகில் கிடந்தது. அதை மீண்டும் அலுமாரியில் வைக்க நானும் முனையவில்லை, அவளும் எடுக்கவில்லை. அந்தக் கதிரையைக் கடக்கும்போதெல்லாம், காலை நீட்டி அமர்ந்திருக்கும் ஒருவருக்கு வழிவிடுவதுபோல, இருவருமே சற்று ஒதுங்கி நடந்தோம்.